தக்கையின் கையில் தூங்கியவர்கள்

பிரமிடு கட்டுவதற்குப் பத்துப் பேர் வேண்டும். கீழே நான்கு பேர், அவர்கள் மேல் மூன்று பேர், அதற்கு மேல் இரண்டு பேர், உச்சியில் ஒரே ஒரு ஆள். உச்சியில் இருப்பவருக்குப் பெரிய வேலை கிடையாது. விழாமல் நிற்க வேண்டும். கூடவே கொஞ்சம் சிரித்தால் நல்லது.

தக்கை விழவே மாட்டாள். ஐந்தாம் வகுப்பில் அவளைவிட எடை குறைந்த ஆள் கிடையாது. தண்ணீரில் போட்டால் மிதப்பாள் என்று யாரோ கிண்டல் செய்யப்போய், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவளுடைய உயிர்த்தோழிக்குத் தூண் என்று பெயர். கீழ்வரிசையின் நடுவில் இருப்பாள். புயல் வந்தாலும் அசைய மாட்டாள், தும்மல் வந்தால் மட்டும்தான் பயம்.

தக்கை உச்சிக்குப் போவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தூண் அவள் கையைப் பிடித்து பயிற்சி மெத்தைக்கு நடுவில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போவாள். பிறகு தக்கை பி.டி. சாரின் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். "ஹோய்!" என்று ஒரே தூக்கு. அவ்வளவுதான், மேலே நிற்பாள். அங்கே இருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்தின் கூரை தெரியும், கூரையில் யாரோ எப்போதோ தொலைத்த பந்துகளும் தெரியும்.

பி.டி. சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். காய்ச்சல், இருமல், தோலில் ஏதாவது தடிப்பு, இதில் எது இருந்தாலும் மெத்தையில் ஏறக் கூடாது. பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

"யாரா இருந்தாலும் சரி. எங்க அப்பாவே வந்து நின்னாலும் சரி. பெஞ்சுதான்!" என்பார்.

சாரின் அப்பாவுக்கு எண்பது வயது. அவர் பிரமிடில் ஏற வருவார் என்று யாருக்கும் தோன்றவில்லை. இருந்தாலும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

விளையாட்டு விழாவுக்குப் பதினொரு நாள் இருந்தபோது, தக்கையின் முன்கையில், உள்பக்கமாக, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. ஓரம் மட்டும் சிவப்பாக, கொஞ்சம் மேடாக இருந்தது. அரித்தது. கையை எடுக்காமல் சொறியச் சொல்லி அரித்தது.

பெஞ்சு! விழா அன்று எல்லோரும் மெத்தையில், அவள் மட்டும் பெஞ்சில்! முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே அப்பாவின் சலூனுக்கு ஓடினாள்.

அம்மா வேலை முடிந்து வர மாலை ஆகிவிடும். அதனால் பள்ளி விட்டதும் தக்கை சலூனுக்குத்தான் வருவாள். சின்னச் சலூன். இரண்டு சுழல் நாற்காலிகள். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெரிய கண்ணாடிகள். அப்பாவுக்குக் கத்திரி ஓடும் வேகத்தில் வாயும் ஓடும். மழை ஏன் தாமதமாகிறது என்பதில் தொடங்கி, யானைக்கு ஏன் முடி குறைவு என்பது வரை அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு.

அப்பா அவள் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுட்டு வந்த? அந்த டியூபை எடு."

அந்த டியூப் அப்பாவின் செல்லப் பிள்ளை. சவரம் செய்து கன்னம் சிவந்தாலும் டியூப்தான், காலர் உரசிக் கழுத்து சிவந்தாலும் டியூப்தான். யாரோ ஒரு வாடிக்கையாளர் பல வருஷத்துக்கு முன் சொல்லிக் கொடுத்தது. மருந்துக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். வெள்ளையாக இருக்கும், இனிப்பாக மணக்கும்.

"ரெண்டே நாள். சிவப்பு இருந்த இடம் தெரியாது," என்று அப்பா தடவிவிட்டார்.

வட்டம் எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கத் தக்கைக்கு ஆசை. அதனால் வட்டத்தைச் சுற்றி நீல மைப் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். குளித்த பிறகு கோடு மங்கினால் அதன் மேலேயே திரும்ப வரைந்துகொள்வாள்.

அப்பா சொன்னது போலவே இரண்டே நாளில் சிவப்பு வெளுத்தது. அரிப்பு போயே போய்விட்டது. தக்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தினமும் சாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உச்சிக்குப் போனாள், கூரைப் பந்துகளை எண்ணினாள், பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. மதியம் சலூனில் ஆள் இல்லை. அப்பா வாசலில் நின்று பக்கத்துத் தையல்கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். தக்கை சுழல் நாற்காலியைச் சாய்த்துப் படுத்தாள். தலைக்கு மேல் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. கையில் அப்போதுதான் தடவிய கிரீம் சில்லென்று இருந்தது.

எதிரெதிர்க் கண்ணாடிகளில் ஒரு சலூனுக்குள் இன்னொரு சலூன், அதற்குள் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு தக்கை சாய்ந்து படுத்திருந்தாள். உள்ளே போகப் போகச் சின்னதாகிக்கொண்டே போனாள். கடைசியில் இருப்பவள் எவ்வளவு சின்னவள் என்று பார்க்க நினைத்தாள் தக்கை. கண்கள் சொருகின.

கடைசித் தக்கை தூசியைவிடச் சின்னவளாக இருந்தாள். எழுந்து நின்று பார்த்தால், அவள் நின்றுகொண்டிருந்தது ஒரு கூரைமேல். தட்டையான ஓடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை அடுக்கியிருந்தன. தூரத்தில் நீலமாக ஒரு பெரிய ஆறு வளைந்து ஓடியது. அது என்னவென்று அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அட, நான் போட்ட கோடு! அப்போ இது என் கை!"

தன் கைமேல் தானே நிற்பது வேடிக்கையாக இருந்தது. ஓட்டு இடுக்கு வழியாக மெல்ல உள்ளே இறங்கினாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. எங்கிருந்தோ தொம் தொம் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது அவளுடைய இதயம்தான்.

ஓடுகளுக்கு இடையே வெள்ளை நூல்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. கிளை விட்டன, கிளையிலிருந்து இன்னொரு கிளை விட்டன. போகிற வழியில் ஓடுகளைக் கறுக் முறுக் என்று தின்றன.

"யார் நீங்க?" என்றாள் தக்கை.

"பூஞ்சை," என்றது ஒரு நூல், வாய் நிறைய ஓட்டோடு. "நல்ல கை. ருசியான கை. இங்க ஓடு தீர்ந்தா வெளிப்பக்கமா நகர்வோம். அப்புறம் யாராவது தொட்டா, அடுத்த கைக்குப் போயிடுவோம்."

தக்கைக்குத் திக்கென்றது. "இங்க காவலுக்கு யாருமே இல்லையா?"

"இருக்காங்களே," என்று நூல் சிரித்தது. "கீழ பாரு."

தக்கை கீழே பார்த்தாள். அங்கே ஒரு அக்கா படுத்திருந்தாள். அவளுக்கு எண்ண முடியாத கைகள். மரக்கிளை போல எல்லா இடுக்கிலும் ஒவ்வொரு கையை நுழைத்து வைத்திருந்தாள். ஆனால் கண் மூடியிருந்தது. பக்கத்தில் உருண்டை உருண்டையாக வெள்ளை ஆட்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து குறட்டை விட்டார்கள். வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் வரைந்த வெள்ளை அணுக்கள் இவர்கள்தான் என்று தக்கைக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் குறட்டையை மட்டும் வரையவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சிவப்பு லாந்தர் திரி இறங்கி மங்கிக் கிடந்தது.

"அக்கா! அக்கா! எழுந்திருங்க!" என்று தக்கை உலுக்கினாள்.

கிளைக்கை அக்கா ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்தாள்.

"முதல் நாளே கண்டுபிடிச்சுட்டேன் பாப்பா," என்றாள் கொட்டாவியோடு. "அந்த நூலைத் தொட்டுப் பார்த்தேன். அது மேல ஒரு சர்க்கரைப் பூச்சு இருக்கும். நம்ம உடம்புல அந்தச் சர்க்கரையே கிடையாது. அந்நியன்னு உடனே தெரிஞ்சுபோச்சு. ஆள் அனுப்பினேன். ரத்தக்குழாய்ச் சுவர் இடுக்குல நுழைஞ்சு இவங்கெல்லாம் ஓடி வந்தாங்க. சின்ன நூலை அப்படியே முழுங்கிட்டாங்க."

"பெரிய நூலை?"

"அதை எப்படி முழுங்குறது? ஒருத்தன் இருந்தான். தன்னையே பிரிச்சு வலையாக்கி அது மேல வீசினான். நூல் மாட்டிக்கிச்சு. அவன் திரும்பி வரல."

தக்கைக்காக, அவளுக்குத் தெரியாமலே, அவள் கைக்குள் ஒருவன் அப்படிச் செய்திருக்கிறான்.

"அப்புறம் தூதுக்காரங்க வந்தாங்க," என்றாள் அக்கா. "ஓடு செய்யறவங்ககிட்ட போய், மேல் ஓட்டை வேகவேகமா உதிர்த்துத் தள்ளுங்க, நூலும் சேர்ந்து கீழ விழட்டும்னு சொன்னாங்க. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. எத்தனை லாந்தர் தெரியுமா? தெருவே சிவந்து கிடந்துச்சு."

"சிவப்பா?" தக்கை கண்ணை விரித்தாள். "அந்தச் சிவப்பு... பூஞ்சை இல்லையா?"

"பூஞ்சை வெள்ளை. சிவப்பு நாங்க பாப்பா."

அப்போது மேலேயிருந்து வெள்ளையாகப் பனி இறங்கியது. இனிப்பாக மணந்தது. அந்த மணம் தக்கைக்கு நன்றாகத் தெரியும். மிச்சமிருந்த லாந்தர்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. உருண்டை ஆட்களின் குறட்டை இன்னும் ஆழமாயிற்று.

"வருது... திரும்ப வருது..." கிளைக்கை அக்காவின் கண் மூடிக்கொண்டது.

"தூங்காதீங்க அக்கா!"

நூல்களுக்கு மட்டும் தூக்கமே வரவில்லை. பனிக்குள் குஷியாக நீந்தின. தூங்குகிறவர்களைத் தாண்டி, நீல ஆற்றை நோக்கி வரிசையாகப் போயின. ஆற்றங்கரையில் ஒரு நிமிடம்கூட நிற்காமல், அதையும் கடந்து போயின.

தக்கை விழித்துக்கொண்டாள். மின்விசிறி அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் அப்பா அப்படியே பேசிக்கொண்டிருந்தார்.

அவள் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு மேலிருந்த விளக்கின் கீழ் கையை நீட்டினாள். சிவப்பு இல்லை. ஆனால் சாய்த்துப் பார்த்தபோது, மெல்லிய செதில் செதிலாக ஒரு ஓரம் தெரிந்தது. அது நீலக் கோட்டுக்கு வெளியே இருந்தது. ஒரு விரற்கடை வெளியே. முழங்கை மடிப்பில் மிளகு அளவுக்கு இன்னொரு குட்டி வட்டமும் பிறந்திருந்தது.

தக்கை அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். விழாவுக்கு இன்னும் ஏழே நாள். முழுக்கைச் சட்டை இருக்கிறது, டியூப் இருக்கிறது. சிவப்பே இல்லாதபோது யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் தினமும் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போவது தூண். நேற்றுப் பயிற்சி முடிந்ததும் தூண் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே வீட்டுக்குப் போனாளே! அது வெறும் அரிப்பாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடுத்த கைக்குப் போயிடுவோம் என்று அந்த நூல் சிரித்தது காதுக்குள் கேட்டது.

"அப்பா," என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் உள்ள வாங்க."

அப்பா வந்து பார்த்தார். "பார்த்தியா? சிவப்பு போயே போச்சு. நான் சொன்னேன்ல?"

"சிவப்பு மட்டும்தான்பா போயிருக்கு. வட்டம் போகலை. கோட்டைத் தாண்டிடுச்சு."

"எந்தக் கோடு?"

"முதல் நாள் நான் போட்டேனே, இந்தக் கோடு."

"பேனாக் கோடு குளிக்கும்போது நகர்ந்திருக்கும். பத்து வருஷமா இந்த டியூபை வச்சிருக்கேன் நான். எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன் தெரியுமா?"

"கோடு நகராதுப்பா. நீங்க போடற கிருதா நகருமா?"

கோடு என்றால் அப்பாவுக்கு உயிர். கிருதா ஒரு நூல் இறங்கியிருந்தாலும் வாடிக்கையாளரைத் திரும்ப உட்கார வைத்துவிடுவார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் கையை விளக்கருகே பிடித்து, சீப்பை வைத்து அளந்து பார்த்தார். பிறகு டியூபை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தக்கைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"செருப்பைப் போட்டுக்கோ," என்றார். "டாக்டர்கிட்ட போகலாம்."

டாக்டரம்மா தக்கையின் கையிலிருந்து ஒரு சின்னத் தகட்டால் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்.

"நீயும் பார்க்கிறியா?"

தக்கை ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வெளிறிய ஒளியில் ஓடுகள் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே, கிளை கிளையாக, நூல்கள்.

"இவங்களை நான் பார்த்திருக்கேன்," என்றாள் மெதுவாக.

"அப்படியா? எனக்கும் பழைய பழக்கம்தான்," என்று டாக்டரம்மா சிரித்தார். "இதுக்குப் படர்தாமரைன்னு பேரு. பயப்பட ஒண்ணுமில்ல. வேற ஏதாவது போட்டீங்களா?"

அப்பா சட்டைப் பையிலிருந்து டியூபை எடுத்து, தப்பு செய்த பையன் நோட்டைக் காட்டுவது போல மேஜையில் வைத்தார்.

டாக்டரம்மா அதைத் திருப்பிப் படித்தார். "இதுல ஸ்டீராய்டு இருக்கு. சில வியாதிக்கு இது ரொம்ப நல்ல மருந்து. ஆனா பூஞ்சைக்கு இதை மட்டும் போட்டா, உடம்போட காவல்காரங்க அடங்கிடுவாங்க. சிவப்பும் அரிப்பும் குறையும்."

"பூஞ்சை மட்டும் தூங்காது," என்றாள் தக்கை.

டாக்டரம்மா புருவத்தைத் தூக்கினார். "அதேதான்! உனக்கு யார் சொன்னா?"

"ஒரு அக்கா."

டாக்டரம்மா வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். நான்கு வாரம் விடாமல் போட வேண்டும், வட்டம் மறைந்த பிறகும் நிறுத்தக் கூடாது. டியூபை நிறுத்தியதும் சிவப்பும் அரிப்பும் சில நாள் திரும்பி வரும், அதைப் பார்த்து மறுபடி டியூபைத் தேடக் கூடாது. துண்டைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"மெத்தை?" என்று தக்கை கேட்டாள்.

"நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் வேணாம்மா."

தக்கை அழுதாள். அழாமல் இருக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. அப்பா தன் தோள்துண்டால் அவள் முகத்தைத் துடைத்தார். துண்டெல்லாம் பொடிப்பொடி முடி. இருவருக்கும் சேர்ந்து தும்மல் வந்தது.

தெருவில் நடக்கும்போது அப்பா சட்டென்று நின்றார்.

"பாப்பா, உங்க பி.டி. சார் இருக்காருல்ல. அவர் கழுத்துல ஒரு சிவப்பு இருந்துச்சு. வாரா வாரம் முடி திருத்த வரும்போது இதைத்தான் தடவிவிடறேன். மூணு மாசமா."

தக்கை தன் முன்கையைப் பார்த்தாள். வட்டம் இருந்த இடம், அவள் சாரின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது சரியாகக் காலருக்கு மேலே படும் இடம்.

"சார்கிட்ட யாருப்பா சொல்றது?"

"தடவினது நான். நான்தான் சொல்லணும்."

"நான் முதல்ல சொல்றேன்," என்றாள் தக்கை. "எனக்கு அப்புறம் நீங்க சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை மைதானத்தில் ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள். தக்கை சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தாள். வட்டம் மறுபடி சிவந்திருந்தது. அப்பாவோடு மெத்தை ஓரத்திலேயே நின்றாள்.

"சார், எனக்குப் படர்தாமரை. அஞ்சு நாளா மறைச்சு வச்சேன். நான் பெஞ்சு சார்." பிறகு தூணைப் பார்த்தாள். "உன் மணிக்கட்டைக் காட்டு."

தூண் காட்டினாள். கடுகளவு ஒரு வட்டம் இருந்தது. "இதுக்கா அரிச்சுது? நான் எறும்புன்னுல்ல நினைச்சேன்!" என்றாள். பிறகு, "அஞ்சு நாளா ஏண்டி சொல்லல?" என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நொடிதான். உடனே வந்து பக்கத்தில் நின்றாள்.

மெத்தையில் நின்றிருந்த பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "சட்டம்னா சட்டம். ரெண்டு பேரும் பெஞ்சு," என்றார் வருத்தமாக. "ஆனா இது எங்க இருந்து வந்திருக்கும்?"

அப்போது அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். வார்த்தைக்குப் பஞ்சமே இல்லாதவர், அன்று ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினார். சிவப்பு, டியூப், மூன்று மாதம், டாக்டர் என்று எல்லாவற்றையும் சொன்னார். "தெரியாம செஞ்சுட்டேன் சார். நீங்க காலரைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினா நல்லது."

சார் காலரை இறக்கினார். ஒரு தட்டு அகலத்துக்குப் பெரிய வட்டம், கழுத்தைத் தாண்டி முதுகுக்குள் போயிருந்தது.

சார் மெத்தையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், குழந்தைகளைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. பிறகு மெத்தையிலிருந்து இறங்கி, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, நேரே நடந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மத்தவங்களும் வீட்டுல சொல்லி ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க," என்றார் அங்கிருந்தபடியே. "மெத்தையைக் கழுவி வெயில்ல போடுங்க. பிரமிடு இந்த விழாவுல கிடையாது. தலைமையாசிரியர்கிட்ட நான் பேசறேன், ஆண்டு விழாவுக்கு வச்சுக்கலாம்."

"உச்சிக்கு வேற ஆள் போடலாமே சார்," என்றாள் தக்கை. அப்படிச் சொல்வதற்கு அவளுக்கு நிறையத் தைரியம் தேவைப்பட்டது.

"போடலாம். ஆனா தூக்கி விடறதுக்கு நான் இல்லையே," என்றார் சார். "ரெண்டு பேருக்கும் சரியாகட்டும். உன் இடம் எங்கயும் ஓடிடாது."

தக்கை போய்ப் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். தூண் நடுவில் உட்கார்ந்தாள், பெஞ்சு கிறீச்சிட்டது. வெயில் இதமாக இருந்தது. அப்பா மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து மெத்தையைக் கழுவினார். அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டிருந்தது. பூஞ்சைக்கும் காளானுக்கும் என்ன உறவு என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து சார் மெல்லக் குனிந்து கேட்டார்.

"உனக்கு அரிக்குதா?"

"ரொம்ப அரிக்குது சார்."

"எனக்கும்." அவர் கை கழுத்தை நோக்கிப் போனது.

"சார், சொறியாதீங்க," என்றாள் தக்கை, தன் கையிலிருந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டே. "இப்போதான் எல்லாரும் எழுந்திருக்காங்க."